உணவில் தாவர ஈஸ்ட்ரோஜன்களும் மாதவிடாய் நிறைவுக்காலப் பெண்களின் உடல்நலமும்

முன்னுரை

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எவ்வுணவு நலம் பயக்கும் என்ற வினாவிற்குத் தமிழ் இதழ்களும் காணொளிகளும் இன்று தரும் விடை பெரும்பாலும் ஒன்றே: ‘ஈஸ்ட்ரோஜன் நிறைந்த உணவுகள்.’ உளுந்து, வெந்தயம், எள், ஆளிவிதை, சோயா ஆகிய ஐந்தும் ஒரே வரிசையில் வைத்துப் பரிந்துரைக்கப்படுகின்றன. இதற்கு நேர்மாறாக, மார்பகப் புற்றுநோய் கண்ட குடும்பத்துப் பெண்கள் சோயாவைக் கையாலும் தொடலாகாது என்னும் எச்சரிக்கையும் பரவலாக உலவுகிறது. இவ்விரு கூற்றுகளும் ஒரே பிழையிலிருந்து பிறந்தவை. தாவரத்தில் உள்ள ஒரு சேர்மத்தைச் சூலகத்தில் சுரக்கும் இயக்குநீருக்கு நிகராகக் கொள்வதே அப்பிழை. ‘தாவர ஈஸ்ட்ரோஜன்’ என்னும் பெயர் எதனைக் குறிக்கிறது, அது உடலில் எவ்வாறு செயல்படுகிறது, மருத்துவச் சோதனைகள் அதனைப் பற்றிக் கூறுவன யாவை என்பவற்றை மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் சமையலறையை மனத்திற்கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

சூடு என்னும் சொல்

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருப்பதையே மருத்துவம் மாதவிடாய் நிறைவு என வரையறுக்கிறது. பெரும்பாலான பெண்களுக்கு இது 45 முதல் 55 வயதிற்குள் நேர்கிறது. மேலைநாட்டுப் பெண்களிடம் சராசரி வயது 51 அளவில் இருக்க, இந்தியப் பெண்களிடம் அது 46 அல்லது 47 ஆக உள்ளது. சூலகத்தில் எஸ்ட்ராடியோல் சுரப்பு குறைவதால் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உடல் வெப்பத்தைச் சீர்செய்யும் அமைப்பு நிலைதடுமாறுகிறது. உடல் வெப்பம் சிறிதளவே உயர்ந்தாலும் பேரளவு உயர்ந்ததுபோல் அது எதிர்வினை ஆற்றுகிறது. மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் அனல் ஏறுகிறது, வியர்வை பெருகுகிறது, சில நிமிடங்களில் அடங்கி, சிலருக்கு நடுக்கமும் தொடர்கிறது. இரவில் நேர்ந்தால் உறக்கம் கெடுகிறது.

இவ்வனுபவத்திற்குத் தமிழில் நிலைபெற்ற ஒற்றைச் சொல் இன்னும் அமையவில்லை. ‘வெப்ப அலை’ என எழுதினால் கோடைக்கால வானிலை அறிவிப்பே நினைவிற்கு வருகிறது. இக்கட்டுரையில் ‘அனல் எழுச்சி’ என்னும் தொடர் ஆளப்படுகிறது. பேச்சு வழக்கில் பெண்கள் சொல்வது ‘சூடு’ என்பதே. அச்சொல்லோ வெறும் வெப்பநிலையைக் குறிப்பதன்று. சூடு, குளிர்ச்சி என்று உணவுகளையும் உடல்களையும் பகுக்கும் பழைய நோக்கு ஒன்று அதனுள் அடங்கியுள்ளது. சூட்டினால் வந்ததெனில் மோர், இளநீர், ஊறவைத்த வெந்தயம் முதலியன மருந்தாகும். அதே வெந்தயத்தை இன்றைய பட்டியல்கள் ‘ஈஸ்ட்ரோஜன் தரும் விதை’ எனப் போற்றுகின்றன. முன்னது குளிர்ச்சி என்றதும் பின்னது இயக்குநீர் என்றதும் ஒரே விதையில் வந்து கூடிவிட்டமையால், பழைய நம்பிக்கைக்குப் புதிய அறிவியல் சான்று கிடைத்துவிட்டதாகத் தோன்றுகிறது. அவ்வாறு கிடைக்கவில்லை என்பது பின்னர்க் காட்டப்படும்.

ஆட்டு மந்தையில் தொடங்கிய ஆய்வு

தாவரங்கள் பெண்மை இயக்குநீர்போல் செயல்படக்கூடும் என்பதை உலகம் உணர்ந்தது மனிதரிடத்தில் அன்று, ஆடுகளிடத்தில். 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைத் தீவனப்புல் விதைத்த மேய்ச்சல் நிலங்களில் செம்மறியாடுகள் சினைப்பிடிக்காமல் போயின. குளோவர் என்னும் அச்செடி புல் எனப்பட்டாலும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பென்னட்ஸ், அண்டர்வுட், ஷியர் ஆகிய மூவரும் 1946இல் இந்நோயைக் குறித்து எழுதினர். குளோவரில் உள்ள ஃபார்மோனோநெட்டின் என்னும் ஐசோஃபிளேவோன், ஆட்டின் வயிற்றில் வாழும் நுண்ணுயிரிகளால் டெய்ட்சீனாகவும் பின்னர் ஈக்குவால் என்னும் பொருளாகவும் மாற்றப்படுவதே காரணம் எனப் பின்னாளில் தெளிவாயிற்று. செடியில் இருந்த பொருளைக் காட்டிலும் வயிற்றில் பிறந்த பொருளே வலிமை மிக்கதாக இருந்தது. அந்த ஆடுகள் நாள்முழுதும் அதனையன்றி வேறொன்றும் மேயவில்லை என்பதும் கருதத்தக்கது.

தாவர ஈஸ்ட்ரோஜன்களுள் உணவில் முதன்மையானவை இரண்டு வகை. சோயாவில் மிகுந்துள்ள ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் முதலிய ஐசோஃபிளேவோன்கள் ஒன்று. ஆளிவிதையிலும் எள்ளிலும் உள்ள லிக்னான்கள் மற்றொன்று. இவை ஸ்டீராய்டுகள் அல்ல. ஆயினும் இவற்றின் மூலக்கூறு வடிவம் எஸ்ட்ராடியோலைப் பெரிதும் ஒத்திருப்பதால், உடலணுக்களில் உள்ள ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளில் சென்று பொருந்துகின்றன. பூட்டுக்குரிய சாவி அல்லாவிடினும் பூட்டில் நுழையும் சாவி எனலாம்.

1996 வரை இவ்வேற்பி ஒன்றே என்று கருதப்பட்டது. அவ்வாண்டில் சுவீடன் நாட்டுக் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் இரண்டாவது ஏற்பியைக் கண்டறிந்தனர். முன்னது ஆல்பா என்றும் பின்னது பீட்டா என்றும் வழங்கலாயின. மார்பகத்திலும் கருப்பையிலும் அணுக்களைப் பெருகச் செய்வதில் ஆல்பாவின் பங்கு மிகுதி. எலும்பு, இரத்தநாளம், மூளை முதலியவற்றில் பீட்டாவும் செயல்படுகிறது. பல இடங்களில் ஆல்பாவின் விசையை அது மட்டுப்படுத்துகிறது. ஜெனிஸ்டீன் ஆல்பாவைவிடப் பீட்டாவோடு பன்மடங்கு வலுவாகப் பிணைகிறது. ஆகவே எஸ்ட்ராடியோல் செய்யும் வேலையைச் சிறிய அளவில் சோயாவும் செய்கிறது என்று கூறுவது பொருந்தாது. அது செய்யும் வேலையே ஓரளவு வேறு. ‘ஈஸ்ட்ரோஜன் நிறைந்த உணவு’ என்னும் தொடர் தடம்புரள்வது இவ்விடத்தில்தான்.

குடலும் அதில் வாழும் உயிர்களும்

சோயாவில் ஐசோஃபிளேவோன்கள் சர்க்கரையோடு பிணைந்த நிலையில் இருக்கின்றன. குடலில் அப்பிணைப்பு அறுபட்ட பின்னரே அவை இரத்தத்தில் கலக்க இயலும். தெம்பே போன்ற நொதித்த உணவுகளில் இவ்வேலையின் ஒரு பகுதி சமையலறைக்கு வருமுன்பே முடிந்துவிடுகிறது. அடுத்த படிதான் ஆய்வாளரைத் திகைக்கவைத்தது. டெய்ட்சீனை ஈக்குவாலாக மாற்றும் குடல் நுண்ணுயிரிகள் எல்லோரிடமும் இல்லை. மேலைநாட்டினரில் 100 பேருக்கு 25 முதல் 30 பேரிடமே அவை காணப்படுகின்றன. ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளில் 50 முதல் 60 பேர்வரை உள்ளனர். மேலைநாட்டினருள் புலால் உண்ணாதாரிடம் இவ்விகிதம் உயர்ந்து காணப்பட்டதும் உண்டு. ஒரே தட்டில் உணவுண்ணும் இரு சகோதரிகளுள் ஒருத்தி உடலில் ஈக்குவால் பிறக்கலாம். மற்றவளிடம் துளியும் பிறவாதிருக்கலாம். அக்காவுக்குக் கைகண்ட உணவு தங்கைக்குப் பயன்படாமற் போவதில் வியப்பில்லை.

ஜப்பானியப் பெண்கள் குறித்த கருத்து

சோயாவுக்கும் மாதவிடாய் நிறைவுக்கும் முடிச்சுப் போட்டதில் ஜப்பானுக்குப் பெரும்பங்கு உண்டு. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் மார்கரெட் லாக் ஜப்பானிய நடுவயதுப் பெண்களிடம் நிகழ்த்திய ஆய்வில், அண்மை இரு வாரங்களில் அனல் எழுச்சி கண்டதாகக் கூறியோர் ஏறத்தாழ 12 விழுக்காட்டினரே. வட அமெரிக்கப் பெண்களிடம் அது 30 விழுக்காட்டைக் கடந்திருந்தது. அந்நூல் 1993இல் வெளிவந்தது. அதற்கு ஓராண்டு முன்னர்ப் பின்லாந்து அறிஞர் ஹெர்மன் அட்லர்கிராய்ட்ஸ், ஜப்பானியப் பெண்களின் சிறுநீரில் ஐசோஃபிளேவோன்கள் மிக உயர்ந்த அளவில் இருப்பதைச் சுட்டி, இதுவே காரணமாகலாம் எனக் கருத்துரைத்திருந்தார். கருத்துரை விரைவில் உண்மையாகவே பரவிற்று.

லாக் அவ்வளவு எளிதாக முடிக்கவில்லை. அனல் எழுச்சியை மட்டும் தனியே குறிக்கும் சொல் ஜப்பானிய மொழியில் இல்லை என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அங்கு ‘கோனென்கி’ எனப்படும் பருவத்தின் அடையாளமாகப் பெண்கள் முதலில் கூறியவை தோள் இறுக்கமும் தலைவலியுமே. உணவு, மரபு, வாழ்க்கை, மொழி ஆகியன ஒன்றுசேர்ந்து உடலனுபவத்தை ஆக்குகின்றன என்பது அவருடைய முடிவு. ‘சூடு’ என்னும் ஒரு சொல்லுக்குள் பலவற்றை அடக்கிப் பேசும் தமிழ்ப் பெண்களிடம் வினாநிரல் கொண்டு செல்வோர் இதனைக் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

அமெரிக்காவில் பல இனப் பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ‘சுவான்’ ஆய்விலும் சீன, ஜப்பானிய வழிவந்த பெண்கள் அனல் எழுச்சியைக் குறைவாகவே தெரிவித்தனர். ஆனால் அவர்கள் உணவில் உண்ட ஜெனிஸ்டீன் அளவு அவ்வேறுபாட்டை விளக்கவில்லை. இவ்வாய்வு அறிவித்த மற்றொரு செய்தி, அடிக்கடி அனல் எழுச்சி காணும் பெண்களிடம் அது நீடித்த காலத்தின் இடைநிலை 7.4 ஆண்டுகள் என்பது. ‘ஆறு மாதத்தில் தானே அடங்கிவிடும்’ என்று சொல்லித் தேற்றுவோர் இதனை அறிவது நன்று. புலம்பெயர்ந்தோர்க்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு ஒன்று பிரித்தானியாவில் நிகழ்ந்தது. தில்லிவாழ் பெண்களையும், பர்மிங்காமில் வாழும் இந்தியத் துணைக்கண்ட வழிவந்த பெண்களையும், அந்நகரின் வெள்ளையினப் பெண்களையும் ஒப்பிட்டபோது, இரண்டாமவர் அனல் எழுச்சியில் மூன்றாமவரையே ஒத்திருந்தனர். தில்லிப் பெண்களிடம் அது குறைவாக இருந்தது. வழிவழி வந்த மரபுக்கூறு ஒன்றே இதனைத் தீர்மானிப்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

சோதனைகள் கூறுவன

2002 சூலையில் அமெரிக்கப் பெண்கள் உடல்நல முனைவு என்னும் பெருஞ்சோதனையின் ஒரு பகுதி இடையில் நிறுத்தப்பட்டது. 16,608 பெண்கள் பங்குபெற்ற அப்பகுதியில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை உண்டோரிடம் மார்பகப் புற்றுநோய் சற்று மிகுந்தது. உலகெங்கும் பெண்கள் இயக்குநீர் மருந்துகளைக் கைவிட்டுத் தாவரப் பொருள்களை நாடியதற்கு இச்செய்தியே பெருங்காரணம். அப்பெண்களுள் பலர் மாதவிடாய் நின்று நெடுங்காலம் ஆனவர்கள் என்பதும், 60 வயதுக்குட்பட்டோர்க்கும் மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளுக்குள் தொடங்குவோர்க்கும், தடையேதும் இல்லாவிடின், பயன் தீங்கினும் மிகுதி என்பதும் பின்னர் நிகழ்ந்த மறுபகுப்பாய்வுகளால் தெளிந்தன. திருத்தம் அச்செய்தியளவு பரவவில்லை.

தாவரப் பொருள்களைப் பற்றிய சோதனைகள் ஒருமுகமாக இல்லை. 2012இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, ஐசோஃபிளேவோன் உண்டோரிடம் அனல் எழுச்சியின் எண்ணிக்கை வெற்று மாத்திரை உண்டோரைவிட ஏறத்தாழ 21 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. ஆனால் 43 சோதனைகளை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டுக் காக்ரேன் மதிப்பாய்வு, உறுதியான சான்று இல்லை என்றது. ஜெனிஸ்டீன் நாளொன்றுக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சோதனைகளில் மட்டும் நம்பிக்கைக்கு இடம் உண்டு என்றும் குறிப்பிட்டது. 2016இல் 62 ஆய்வுகளைத் திரட்டிய மற்றொரு பகுப்பாய்வின்படி அனல் எழுச்சி நாளொன்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேலாகக் குறைந்தது. இரவு வியர்வை குறையவில்லை. நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் வீதம் 2 ஆண்டுகள் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்கச் சோதனையில் எலும்புத் தேய்வும் நிற்கவில்லை, அனல் எழுச்சியும் தணியவில்லை. வட அமெரிக்க மாதவிடாய் நிறைவுச் சங்கம் 2023இல் வெளியிட்ட அறிக்கையில் அனல் எழுச்சிக்கு மருந்தாகச் சோயாவையோ ஈக்குவாலையோ பரிந்துரைக்கவில்லை.

இவ்வளவு முரண்பாடு ஏன்? இத்தகைய சோதனைகளில் வெற்று மாத்திரை உண்டோரிடமும் அனல் எழுச்சி வெகுவாகக் குறைகிறது. இயக்குநீர் மருந்துச் சோதனைகளின் தொகுப்பொன்றில் அக்குறைவு பாதிக்கு மேல் இருந்தது. காலப்போக்கில் தானே தணிவதும், கேட்டறிய ஒருவர் இருப்பதால் வரும் ஆறுதலும் இதனுள் அடங்கும். இதற்கு மேலாக ஒரு பொருள் செய்யும் சிறு நன்மையைப் பிரித்தறிதல் எளிதன்று. ஈக்குவால் பிறக்கும் பெண்களையும் பிறவாத பெண்களையும் பிரிக்காமல் கலந்து எண்ணிய சோதனைகளும் பல. ஆகவே நடுநிலையாகக் கூறத்தக்கது இவ்வளவே: சிலருக்குச் சிறிது தணியலாம்; கடுந்துன்பம் உடையார்க்கு இது போதாது.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் சமையலறை

சோயா தமிழரின் தொல்லுணவு அன்று. எனினும் மலேசியா, சிங்கப்பூர் நாடுகளில் அண்டை வீட்டுச் சீனரிடமிருந்தும் சாவகரிடமிருந்தும் வந்த டோஃபுவும் தெம்பேயும் தமிழர் அடுப்பிலும் ஏறிவிட்டன. சாம்பாலில் புரட்டிய தெம்பேயும், மீ கோரேங்கில் வெட்டிப்போட்ட டோஃபுவும், கடைகளில் கிடைக்கும் சோயாப்பாலும் இங்குப் பிறந்து வளர்ந்தோர்க்கு அயலுணவாகத் தோன்றுவதில்லை. இலங்கைத் தமிழர் இல்லங்களில் ‘சோயாமீற்’ என்றும் தமிழகத்தில் ‘மீல் மேக்கர்’ என்றும் வழங்கும் சோயா உருண்டையும் இவ்வினத்ததே.

100 கிராம் டோஃபுவில் ஏறத்தாழ 20 முதல் 30 மில்லிகிராமும், அதே எடை தெம்பேயில் அதனினும் இரு மடங்கு அளவும் ஐசோஃபிளேவோன் இருக்கும். சோதனைகளில் கொடுக்கப்பட்ட 50 மில்லிகிராமை எட்ட நாள்தோறும் 200 கிராம் டோஃபுவோ, 100 கிராம் தெம்பேயோ, இரு கோப்பைச் சோயாப்பாலோ வேண்டும். சோயா எண்ணெயிலும் சோயாச் சாற்றிலும் அது இல்லை என்றே கூறலாம். சோயாப்பாலில் கலக்கும் சர்க்கரையையும் இங்கே கணக்கிடல் வேண்டும். 2019ஆம் ஆண்டு மலேசியத் தேசிய உடல்நல ஆய்வின்படி இந்திய வழிவந்த பெரியோரில் 31.4 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இது பிற இனத்தாரிடம் காணப்பட்டதைவிட மிகுதி. அனல் தணிக்கவெனக் கடைச் சோயாப்பாலை நாளும் இருமுறை பருகுவோர் ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க நேரும்.

இனி மரபுவழிப் பொருள்களைக் காணலாம். பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்த்துக் கொடுக்கும் உளுந்தங்களி புரதமும் ஆற்றலும் தரும் நல்லுணவு. ஆனால் உளுந்து, துவரை, கடலை ஆகியவற்றின் ஐசோஃபிளேவோன் அளவு சோயாவோடு ஒப்பிட மிகமிகச் சிறிது. எள்ளில் லிக்னான்கள் உள்ளன. அதிலும் ஆளிவிதை பத்து மடங்கு முந்தி நிற்கிறது. ஆயினும் ஆளிவிதைத் தின்பண்டம் கொடுத்து 6 வாரங்கள் கவனித்த ஓர் அமெரிக்கச் சோதனையில் அனல் எழுச்சி வெற்றுப் பண்டம் உண்டோரைவிடக் குறையவில்லை.

வெந்தயத்தின் கதை வேறு. அதிலுள்ள டயோஸ்ஜெனின், ஸ்டீராய்டு இயக்குநீர்களைத் தயாரிக்கும் மூலப்பொருள் என்பது உண்மை. 1940களில் ரசல் மார்க்கர் மெக்சிகோவின் காட்டுக் கிழங்கிலிருந்து இதனைப் பிரித்து ஆய்வகத்தில் புரோஜெஸ்டிரோன் செய்துகாட்டினார். ஆனால் அது குடுவையில் பல படிகளாக நிகழ்ந்த வேதிமாற்றம். அதனைச் செய்யும் நொதி மனித உடலில் இல்லை. வெந்தயச் சாறு கொண்டு சிறு சோதனைகள் நடந்திருப்பினும், ஊறவைத்த ஒரு கரண்டி வெந்தயம் இயக்குநீராக மாறிவிடும் என்று கூற இடமில்லை. குளிர்ச்சி என்று நம்பி உண்பார் உண்ணலாம். நார்ச்சத்து நிறைந்த அது குருதிச் சர்க்கரைக்கும் ஓரளவு உதவும்.

அச்சம் வேண்டாத இடமும் வேண்டிய இடமும்

சோயா மார்பகப் புற்றுநோயை வளர்க்கும் என்னும் அச்சம் பெரும்பாலும் எலிகளிடம் நிகழ்ந்த சோதனைகளால் எழுந்தது. மார்பகப் புற்றுநோய் கண்ட 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஷாங்காய் ஆய்வு 2009இல் வெளிவந்தது. சோயா உணவை மிகுதியாக உண்டோரிடம் நோய் மீள்வதும் இறப்பும் குறைவாகவே இருந்தன. இது உணவைப் பற்றியது. செறிவூட்டிய மாத்திரைகளுக்கு இம்முடிவை நீட்ட இயலாது. மாதவிடாய் நிறைவை அண்மித்தோரும் கடந்தோரும் உண்ணும் ஐசோஃபிளேவோன் மாத்திரைகளை ஆராய்ந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஆய்வுகளில் பயன்பட்ட அளவுகளில் மார்பகம், கருப்பை, தைராய்டு ஆகியவற்றுக்குத் தீங்கு காணவில்லை என 2015இல் அறிவித்தது. எனினும் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நாடுதல் தகாது. தைராய்டுக் குறைபாட்டிற்கு லெவோதைராக்சின் உண்போர், சோயா அம்மருந்து உட்கிரகிக்கப்படுவதைத் தடுக்கக்கூடுமாதலால், இரண்டிற்கும் இடையே சில மணி நேரம் விடுதல் வேண்டும்.

கவலை வேண்டிய இடம் ஒன்று உண்டு. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்த பின்னர்க் குருதிப்போக்கு கண்டால், அதனையும் ‘சூட்டினால் வந்தது’ எனக் கருதி மோரும் வெந்தயமும் உண்டு காத்திருத்தல் தகாது. அத்தகைய பெண்களில் 100க்கு ஏறத்தாழ 9 பேரிடம் கருப்பை அகப்படலப் புற்றுநோய் கண்டறியப்படுவதாக உலகளாவிய தொகுப்பாய்வு ஒன்று காட்டுகிறது. அந்நோய் உடையோரில் 10 பேருக்கு 9 பேர் குருதிப்போக்கினாலேயே அதனை முதலில் அறிகின்றனர். தொடக்கத்தில் கண்டால் பெரும்பாலும் அறுவையால் குணப்படுத்தலாம். ஒரு துளியே ஆயினும், ஒருமுறையே ஆயினும், அவ்வாரத்திலேயே மகப்பேற்று மருத்துவரிடம் சென்று கருப்பையை ஒலியலைப் படத்தால் ஆராயச் செய்தல் வேண்டும். இதற்கு மாற்றாக எந்த உணவும் இல்லை.